விளம்பரம்தான் கேள்வித்தாள்: முதல் இன்டர்வியூவுக்கு நான் தயாரான விதம்

முதல் இன்டர்வியூவுக்கு அழைப்பு வந்தவுடன் பெரும்பாலானவர்கள் செய்வது ஒன்றுதான். 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்' என்று தேடி, கிடைப்பதையெல்லாம் மனப்பாடம் செய்யத் தொடங்குவார்கள். அந்தப் பதில்களில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் உங்களுக்கு முன்னால் உள்ளே போனவரும் உங்களுக்குப் பின்னால் வரப்போகிறவரும் அதே பக்கத்தைத்தான் படித்திருப்பார்கள். எனக்கு முதல் வேலை கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து புதியவர்களிடம் கேள்வி கேட்கும் பொறுப்பும் அவ்வப்போது வருகிறது. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்த பிறகு எனக்குத் தோன்றுவது இதுதான்: தயாரிப்புக்கு வேண்டிய சரக்கு இரண்டே இடங்களில் இருக்கிறது. ஒன்று, அந்த வேலை விளம்பரம். இன்னொன்று, நீங்கள் இதுவரை உங்கள் கையால் செய்த வேலைகள்.

நான் விண்ணப்பித்தது கணக்குப் பிரிவில் உதவியாளர் வேலைக்கு. பெரியப்பா மகள், எனக்கு அக்கா, அப்போது வேறொரு நிறுவனத்தில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தார். அவரிடம் போய் என்ன படிப்பது என்று கேட்டேன்.

"விளம்பரத்தை எத்தனை தடவை படிச்சே?"

"அப்ளை பண்ணும்போது படிச்சேன்க்கா."

"அதுதான்டா கேள்வித்தாள். முன்னாடியே வெளியில கொடுத்துட்டாங்க. போய் உட்கார்ந்து ஒழுங்கா படி."

படித்தேன். சப்ளையர் பில்களைச் சரிபார்த்தல், வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் (வங்கிக் கணக்கும் நம் ஏடும் எங்கே, ஏன் வேறுபடுகின்றன என்று காட்டுவது) தயாரித்தல், எக்செல் நன்றாகத் தெரிந்திருத்தல், மாதக் கடைசி வேலைப்பளுவைத் தாங்குதல், மற்ற பிரிவினரோடு ஒத்துப்போதல். ஒரு தாளில் இவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இதை நான் எங்காவது செய்திருக்கிறேனா?' என்று யோசித்து எழுதச் சொன்னார் அக்கா. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்ததாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கல்லூரி விழா, ப்ராஜெக்ட், டியூஷன், சங்கப் பொறுப்பு, வீட்டுக் கணக்கு, எதுவானாலும் சரி.

முதலில் அந்த இரண்டாவது வரிசை காலியாகத்தான் இருந்தது. 'அனுபவம் இல்லை' என்ற நினைப்பிலேயே வளர்ந்துவிடுகிறோம், அதனால் செய்தது எதுவும் அனுபவமாகக் கண்ணில் படுவதில்லை. மெல்ல யோசித்தபோதுதான் துறை விழாவுக்கு வரவுசெலவு பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த ஒரே சம்பவம் நான்கு வரிகளுக்கு எதிரே பொருந்தியது.

அந்தச் சம்பவத்தைச் சொல்கிறேன். விழா முடிந்து கணக்கை முடிக்கும்போது ரொக்கத்துக்கும் நோட்டுக்கும் 270 வித்தியாசம். எல்லாரும் யாரோ பணத்தைத் தொலைத்துவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வித்தியாசம் 9-ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் எங்காவது பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறி எழுதப்பட்டிருக்கலாம் என்பது கணக்கியல் படிக்கிறவர்களுக்குத் தெரிந்த பழைய சூத்திரம். 270 வகுபடுகிறது. ரசீதுகளை ஒவ்வொன்றாக நோட்டோடு டிக் அடித்துக்கொண்டே வந்தேன். 1580 என்று இருந்த ரசீது நோட்டில் 1850 என்று ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ரசீதுகளுக்கு வரிசை எண் போட்டு, எழுதுகிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் வேறொருவர் என்று மாற்றினோம்.

பெரிய சாதனை ஒன்றும் இல்லை. ஆனால் கணக்கு உதவியாளர் வேலைக்கு ஆள் தேடுகிறவருக்கு இதில் வேண்டியதெல்லாம் இருக்கிறது.

இதையே நான் முதலில் அக்காவிடம் சொன்னபோது விழா எப்படி நடந்தது, யார் தலைமை, எத்தனை குழுக்கள் என்று ஆரம்பித்து நீண்டுகொண்டே போனது. அவர் நிறுத்தி, நான்கு கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லச் சொன்னார். சூழல் என்ன? உன் பொறுப்பு என்ன? நீ என்ன செய்தாய்? கடைசியில் என்ன ஆனது? ஆங்கிலத்தில் இந்த நான்கின் முதல் எழுத்துகளைச் சேர்த்து ஸ்டார் முறை என்பார்கள். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தராத விஷயம் அளவு. முதல் இரண்டுக்கும் சேர்த்து இரண்டு மூன்று வாக்கியம் போதும். மீதி நேரம் முழுக்க மூன்றாவதற்குத்தான். புதியவர்கள் தலைகீழாகச் செய்வதை இப்போது எதிரே உட்கார்ந்து பார்க்கிறேன். சூழலை ஐந்து நிமிடம் விவரித்துவிட்டு, 'அப்புறம் எல்லாரும் சேர்ந்து சமாளிச்சுட்டோம் சார்' என்று முடித்துவிடுகிறார்கள். சமாளித்ததில் அவர் பங்கு எது என்று எனக்குத் தெரியவே தெரியாது. 'நாங்கள்' என்று சொல்வது அடக்கமாக இருக்கலாம், ஆனால் கேட்கிறவரால் அதற்கு மதிப்பெண் போட முடியாது.

மதிப்பெண் என்று சும்மா சொல்லவில்லை. ஆள் தேர்வு முறைகளில் எது பிற்கால வேலைத் திறனைச் சரியாகக் கணிக்கிறது என்பதைப் பற்றி 85 ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி ஃபிராங்க் ஷ்மிட்டும் ஜான் ஹன்டரும் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அந்தக் கணக்கீடுகளைத் திருத்தி பால் சாக்கெட் குழுவினர் 2022-இல் இன்னொன்று வெளியிட்டார்கள். இரண்டிலுமே, மனம்போனபடி பேசிப் பார்க்கும் இன்டர்வியூவைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் இன்டர்வியூ நன்றாகக் கணிக்கிறது. சாக்கெட் குழுவின் பட்டியலில் அதுதான் முதலிடம். இதனால் பல நிறுவனங்கள் கையில் ஒரு மதிப்பெண் தாளோடுதான் உட்காருகின்றன. நீங்கள் பேசும்போது எதிரே இருப்பவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தால், தப்பாக எதையோ சொல்லிவிட்டோம் என்று நடுங்க வேண்டாம். எழுதுவதற்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து என் சி.வி.யை எடுத்துவைத்துக்கொண்டு அக்கா ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இதைப் பத்தி ரெண்டு நிமிஷம் பேசு" என்றார். பேச முடியாத வரியெல்லாம் அடிக்கப்பட்டது. கடைசியில் அடி வாங்காமல் நின்றது பாதிதான். 'எக்செல் நன்றாகத் தெரியும்' என்ற வரியில் விரலை வைத்து, "விலுக்கப் எப்ப தப்பான விடை கொடுக்கும்?" என்று கேட்டார். விலுக்கப் (VLOOKUP) என்பது ஒரு பட்டியலில் ஒன்றைத் தேடி, அதே வரியில் இருக்கும் வேறொரு விவரத்தை எடுத்துத் தரும் எக்செல் சூத்திரம். அந்தக் கேள்வியை நான் இன்றைக்கும் மற்றவர்களிடம் கேட்கிறேன். சூத்திரத்தின் நான்காவது இடத்தில் எதுவும் எழுதாமல் விட்டால் அது தோராயப் பொருத்தத்தைத் தேடும், பட்டியல் ஏறுவரிசையில் இல்லாவிட்டால் தப்பான விடையைச் சத்தமில்லாமல் கொடுத்துவிடும். எண்கள் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருந்தால் கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிந்தாலும் பொருந்தாது. தேடும் நெடுவரிசை பட்டியலின் இடதுபக்க ஓரத்தில்தான் இருக்க வேண்டும். உண்மையில் பயன்படுத்தியவருக்கு இதில் ஏதாவது ஒன்றாவது பட்டிருக்கும். 'தெரியும்' என்று எழுதுவதற்குப் பதிலாக, 'விலுக்கப், பிவட் டேபிள் பயன்படுத்தி விழாக் கணக்கைத் தொகுத்தேன்' என்று எழுதினேன். கேள்வி எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதை அந்த ஒரு வரியே ஓரளவு முடிவுசெய்துவிட்டது.

கண்டிப்பாகச் சொல்கிறேன், சி.வி.யில் பொய் வேண்டாம். நீதிக்காகச் சொல்லவில்லை (அதற்காகவும்தான்). நீங்கள் எழுதியதை ஒட்டித்தான் இரண்டாவது கேள்வி, மூன்றாவது கேள்வி என்று ஆழத்துக்குப் போவார்கள். மூன்றாவது கேள்வியில் பொய் நிற்காது.

சரி, சரக்கு சேர்ந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது? வாய்விட்டுப் பேசித்தான். 2006-இல் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் செய்த ஒரு சோதனை இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நன்றாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. முதல் நாள் இரவு குறிப்புகளைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். அந்த உணர்வை நம்பக் கூடாது.

நான் செய்தது இதுதான்: ஒவ்வொரு சம்பவத்துக்கும் நான்கைந்து சொற்கள் மட்டும் ஒரு சின்ன அட்டையில். '270, 9-ஆல் வகு, டிக், 1580/1850, வரிசை எண்.' இவ்வளவுதான். முழு வாக்கியம் எழுதவே இல்லை. எழுதினால் மனப்பாடம் ஆகிவிடும். மனப்பாடம் ஆனால் குறுக்கே ஒரு கேள்வி வந்தவுடன் எங்கே விட்டோம் என்று தேட வேண்டியிருக்கும். அட்டையைப் பார்த்துப் பேசி, ஃபோனில் ரெக்கார்ட் செய்து கேட்டேன். சொந்தக் குரலைக் கேட்பது கொடுமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். 'வந்து', 'ஆக்சுவலி', 'பேசிக்கலி' எத்தனை முறை வருகிறது என்பது அப்போதுதான் தெரியும். எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டியதில்லை. அந்த இடத்தில் வாயை மூடி ஒரு மூச்சு விடப் பழகினால் போதும். உங்களுக்கு நீண்ட மௌனமாகத் தோன்றும் சில விநாடிகள் கேட்கிறவருக்கு மௌனமாகவே தோன்றாது.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' மட்டும் தனியாகத் தயாரிக்க வேண்டியது. இது எப்படியும் வரும், பெரும்பாலும் முதலிலேயே வரும். சி.வி.யை மேலிருந்து கீழே வாசித்துக் காட்டுவது பதில் ஆகாது, அது அவர் கையிலேயே இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் எண்ணிக்கையும் பொழுதுபோக்குகளும் தேவையில்லை. இப்போது என்ன நிலையில் இருக்கிறேன், இந்த வேலைக்குப் பொருத்தமாக இதுவரை செய்தது என்ன, ஏன் இந்த வேலை. ஒன்றரை நிமிடத்துக்குள் இந்த மூன்றும் அடங்க வேண்டும். நான் விழாக் கணக்கை இங்கே ஒரே வரியில் தொட்டுவிட்டு விட்டுவிட்டேன். எதிர்பார்த்தபடியே, 'அதென்ன விழாக் கணக்கு?' என்று அங்கிருந்துதான் அடுத்த கேள்வி வந்தது.

பதற்றத்தைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். கழிவறைக்குள் போய் இடுப்பில் கைவைத்து வீரன் மாதிரி இரண்டு நிமிடம் நின்றால் உடம்பில் ஹார்மோனே மாறும் என்று ஒரு காலத்தில் பரபரப்பாகப் பேசினார்கள். அந்த 2010 ஆய்வை எழுதியவர்களில் ஒருவரான டேனா கார்னியே, அப்படியொரு விளைவு இருப்பதாகத் தான் இனி நம்பவில்லை என்று 2016-இல் அறிவித்துவிட்டார். நிற்பதால் கெடுதல் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். எனக்குப் பயன்படக்கூடியதாகத் தோன்றுவது வேறு இரண்டு. கென்னத் சாவிட்ஸ்கியும் தாமஸ் கிலோவிச்சும் 2003-இல் காட்டியது: மேடையில் பேசுகிறவர்கள் தங்கள் படபடப்பு வெளியே தெரிகிறது என்று நினைக்கும் அளவுக்கு அது உண்மையில் தெரிவதில்லை. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவர்கள் இன்னும் நன்றாகவே பேசினார்கள். இன்னொன்று, ஆலிசன் உட் புரூக்ஸ் 2014-இல் வெளியிட்டது. பாடவோ பேசவோ கணக்குப் போடவோ போகும் முன் 'அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். துடிக்கிற நெஞ்சை அடக்கப் பார்ப்பதைவிட, அதற்கு வேறு காரணம் சொல்லிவிடுவது சுலபம் போலிருக்கிறது.

புதிர்க் கணக்குப் புத்தகங்களை வாங்கிக் குவிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகள் அடங்கும் என்பது போன்ற கேள்விகளுக்கு ஒரு காலத்தில் பெயர் போன கூகுள் நிறுவனத்தில் ஆள் எடுக்கும் பிரிவைக் கவனித்த லாஸ்லோ பாக், அவை எதையும் கணிப்பதில்லை, நேர விரயம் என்று 2013-இல் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அந்த நேரத்தை உங்கள் துறையின் அடிப்படைக்குச் செலவழியுங்கள். எனக்கு வந்த எழுத்துத் தேர்வில் புதிர் எதுவும் இல்லை. பாஸ்புக்கும் ரொக்க ஏடும் ஒத்துப்போகாத ஒரு தாளைக் கொடுத்து, ஏன் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கொடுத்த காசோலை இன்னும் வங்கிக்குப் போகவில்லை, வங்கி பிடித்த கட்டணம் ஏட்டில் ஏறவில்லை என்ற வகைதான். பள்ளிப் பாடம். விளம்பரத்திலும் அது இருந்தது.

தெரியாத கேள்வி வந்தே தீரும். வாய் திறந்து 'தெரியாது' என்று சொல்லலாம், ஆனால் அங்கேயே நிறுத்த வேண்டாம். என்னிடம் ஒரு வரிவிதிப்புக் கேள்வி கேட்டார்கள். "இது எனக்குத் தெரியாது சார். இப்படி ஒன்று வந்தால் முதலில் போன மாதம் இதை எப்படிப் பதிந்திருக்கிறார்கள் என்று பார்ப்பேன், அப்புறம் சீனியரிடம் கேட்டு உறுதி செய்துகொள்வேன்" என்றேன். கேட்டவர் தலையசைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். கேள்வி கேட்கிற இடத்துக்கு வந்த பிறகு அந்தத் தலையசைப்பின் அர்த்தம் எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. தெரியாததை ஊகித்து ஏட்டில் எழுதிவிடுவாரோ என்பதுதான் எங்கள் பயம்.

'உங்கள் பலவீனம் என்ன?' என்ற கேள்வி எனக்குப் பிடிக்காது, நான் கேட்பதும் இல்லை. ஆனாலும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். 'எதையும் கச்சிதமாகச் செய்யாமல் விடமாட்டேன், அதுதான் என் பலவீனம்' என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு எல்லோருக்கும் காது புளித்துவிட்டது. உண்மையான, ஆனால் அந்த வேலையின் அஸ்திவாரத்தை ஆட்டாத ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால் போதும். கூட்டத்தில் பேசத் தயங்குவேன், அதனால் வகுப்பு செமினார்களில் நானே பெயர் கொடுத்துப் பேச ஆரம்பித்திருக்கிறேன் என்றேன். அதற்கு மேல் நோண்டவில்லை.

கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்பார்கள். 'இல்லை சார், எல்லாம் தெளிவாக இருக்கிறது' என்று எழுந்துவிடாதீர்கள். முதல் மூன்று மாதத்தில் என்னிடம் என்ன எதிர்பார்ப்பீர்கள், யார் கற்றுத் தருவார்கள், இந்த வேலையில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் எது, இந்த இடம் எப்படிக் காலியானது. இவற்றில் இரண்டு போதும். கடைசிக் கேள்விக்கு அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டால் அதுவும் ஒரு பதில்தான். முடிவை எப்போது சொல்வார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

சம்பளப் பேச்சை முதல் வேலையில் நீங்களாக எடுக்க வேண்டியதில்லை. கேட்டால், அதே வேலைக்கு மற்ற இடங்களில் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரித்து வைத்திருக்கும் ஒரு வரம்பைச் சொல்லலாம். மொத்தச் சம்பளமும் கைக்கு வரும் சம்பளமும் வேறுவேறு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். இன்னொன்று: இன்டர்வியூவுக்கோ, பயிற்சிக்கோ, அடையாள அட்டைக்கோ யாராவது உங்களிடம் முன்பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். நேர்மையான வேலையில் பணம் அவர்களிடமிருந்து உங்களுக்குத்தான் வரும்.

போகும் நாளுக்கான ஏற்பாடு எல்லோரும் சொல்வதுதான், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வழியை முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பாருங்கள். சி.வி.யின் சில பிரதிகள், அசல் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பேனா. ஏற்கெனவே ஒருமுறை போட்டு உட்கார்ந்து பார்த்த உடை. ஆன்லைன் என்றால் கேமரா கண் மட்டத்தில், வெளிச்சம் முகத்துக்கு எதிரே, ஹெட்ஃபோன் காதில், மற்ற செயலிகளின் அறிவிப்புகள் அணைந்து. திரையில் தெரியும் உங்கள் கணக்கின் பெயர் பள்ளிக்கூடத்துப் பட்டப்பெயராக இருக்கப்போகிறது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இணையம் அறுந்தால் அழைக்க ஒரு எண்ணை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

வெளியே வந்ததும், வண்டி ஏறும் முன்பே, கேட்ட கேள்விகளை எல்லாம் ஃபோனில் எழுதிவைத்தேன். அக்காவின் உத்தரவு. ராத்திரிக்குள் பாதி மறந்துவிடும் என்றார். அதே நாளில் நன்றி சொல்லி நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல். முடிவு சொல்வதாகச் சொன்ன தேதி தாண்டியும் தகவல் இல்லாததால், இரண்டு நாள் பொறுத்து, நிலவரம் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டேன். தொந்தரவாக நினைப்பார்களோ என்று தயங்கினேன். கேட்பது வழக்கம்தான், பல நேரம் உள்ளே யாரோ ஒருவரின் ஒப்புதலுக்காகக் கோப்பு காத்திருக்கும். என் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தது.

ஆஃபர் லெட்டர் வந்த மகிழ்ச்சியில் உடனே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடத் தோன்றும். ஒரு நாள் அவகாசம் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். தகுதிகாண் காலம் எவ்வளவு, விலக வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, குறிப்பிட்ட காலத்துக்குள் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்று ஏதாவது நிபந்தனை இருக்கிறதா, இன்டர்வியூவில் பேசிய பதவியும் தொகையும் அப்படியே இருக்கின்றனவா. இவ்வளவையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். ஃபோனில் சொன்ன பதில் ஆறு மாதம் கழித்து இரண்டு தரப்புக்கும் வேறுவேறாகத்தான் நினைவிருக்கும்.